தலைவிதியின் தலையில் போடாதீர்கள்

தொழிற்பாதுகாப்பு பற்றி மேடை போட்டால் ஒரு பேச்சு தவறாமல் வந்துவிடும்: நம்முடைய தொழிலாளர் எல்லாவற்றையும் தலைவிதி என்று விட்டுவிடுகிறார்கள்; அதனால்தான் கை போகிறது, கால் போகிறது; முதலில் அவர்களுடைய மனப்பாங்கு மாற வேண்டும். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. முன்வரிசை முதலாளிமார் மட்டும் ஒவ்வொரு முறையும் உற்சாகமாகத் தலையாட்டுகிறார்கள். ஆட்டாமல் என்ன செய்வார்கள்? செலவில்லாத யோசனை அல்லவா.

முதல் வாதம், விதியை நம்புகிறவன் ஆபத்தைக் கண்டும் விலகமாட்டான் என்பது. 2004 சுனாமியில் நாவலடி, கல்லடி, திருச்செந்தூர் என்று வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த ஊர்கள் சிதைந்தன. யாரும் எச்சரிக்கவில்லை. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. கரையை விட்டு வெளியேறச் சொல்லி அறிவித்தார்கள். சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உட்புறமாக ஓடியது. எழுதினபடி நடக்கும் என்று பாய் விரித்துப் படுத்துக்கொண்டதா? இடைப்பட்ட காலத்தில் மட்டக்களப்பார் நாத்திகராகிவிடவில்லை. கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் நிறைந்துதான் இருந்தன. ஆபத்தைச் சொல்ல ஆளும் விலக வழியும் கிடைத்தன, அவ்வளவுதான்.

வாவியில் தோணி விடுகிறவனும் தலையெழுத்தை நம்புகிறவன்தான். காற்று முறுகினால் தோணியைக் கரைக்கு இழுத்துவிடுகிறான், ஏனென்றால் அந்த முடிவு அவன் கையில் இருக்கிறது. அவனுடைய தம்பி நெல் மில்லில் நாட்கூலிக்கு நிற்கிறான். பெல்ட் தளர்ந்து ஆடுவது அவனுக்கும் தெரியும். 'மெசினை நிறுத்துங்கோ' என்று சொன்னால் நாளைக்கு வேறொருவன் அந்த இடத்தில் நிற்பான் என்பதும் தெரியும். ஒரே வீடு, ஒரே சாமி, ஒரே விதி. அண்ணன் விலகுகிறான், தம்பியால் முடியவில்லை. இதில் விதிக்கு என்ன வேலை?

இரண்டாவது, ஆய்வே சொல்கிறது என்பது. அமெரிக்கக் காப்புறுதி நிறுவனமொன்றில் வேலைபார்த்த ஹைன்ரிச், 88 சதவீத விபத்துக்கு ஆட்களின் பிழையான செயலே காரணம் என்று 1931இல் எழுதினார். அவர் புரட்டியவை காப்புறுதிக் கோப்புகளும் ஆலை நிர்வாகங்களின் அறிக்கைகளும். கோழி எப்படிச் செத்தது என்று நரியிடம் எழுதி வாங்கிய கதை. விதி நம்பிக்கையையும் காயத்தையும் முடிச்சுப் போடும் ஆய்வுகள் பின்னாலும் வந்தன. ஆனால் அந்த நம்பிக்கை காயத்துக்கு முந்தியதா, பிந்தியதா? விரல் போய், நட்டஈடும் வராதவன் விதி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வான்?

மூன்றாவது, கையுறை கொடுத்தாலும் போடமாட்டார்கள் என்பது. முதலில் கொடுங்கள், பிறகு பேசலாம்.

நான்காவது, சொந்த உயிரில் அக்கறையில்லை என்பது. 2018 ஏப்ரலில் ஹொரணையில் இறப்பர் தொழிற்சாலையொன்றின் அமோனியாத் தொட்டிக்குள் ஒருவர் விழுந்தார். காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து ஐந்து பேர் செத்தார்கள். மற்றவன் உயிருக்காகத் தொட்டியில் இறங்கியவனுக்கு உயிரின் மதிப்புத் தெரியாது என்று எந்த மேடையில் நின்று சொல்வீர்கள்? அமோனியாவில் ஓடும் ஐஸ் ஆலைகள் நம் பக்கத்திலும் உண்டு. சுவாசக் கவசம் எங்கே தொங்குகிறது என்று அங்கே கேட்டுப் பாருங்கள்.

அதுசரி, விதியை நம்புவது தொழிலாளி மட்டுமா? ஆயுத பூசையன்று மெசினுக்குத் திருநீறு பூசி, வாசலில் நீற்றுப்பூசணிக்காய் உடைப்பது யார்? பூசணிக்காய்க்குக் காசு இருக்கிறது. பெல்ட்டுக்குக் கூடு அடிக்கத்தான் இல்லை. கை போனதும் ஆசுப்பத்திரி வாசலில் 'அவன்ட நேரம் சரியில்ல' என்று முதலில் சொல்வதும் முதலாளியின் வாய்தான். அந்த விதி நம்பிக்கையைத் திருத்த ஒரு கருத்தரங்கும் நடப்பதில்லை.

ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்கு வேலி போடச் சொல்லும் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942இலேயே வந்துவிட்டது. காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கச் சொல்லும் சட்டம் அதற்கும் முந்தியது, 1934. இரண்டிலும் தலைவிதி என்ற சொல் இல்லை. அடுத்த முறை மனப்பாங்கு பற்றிப் பேச வருகிறவர், வரும் வழியில் ஒரு மில்லுக்குள் நுழைந்து பெல்ட்டுக்குக் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரட்டும். இல்லையென்றால் மேடையில் அந்த முதலாளியின் பெயரைச் சொல்லட்டும்.