காவிரிக்கரைக்கு வந்த சிக்கந்தர்

ஸ்ரீரங்கம் பெரிய கோயிலில் துலுக்க நாச்சியாருக்கு விக்கிரகம் கிடையாது. சுவரில் தீட்டிய ஓவியம்தான் நாச்சியார். டில்லி சுல்தானின் மகள் சுரதானி, படையெடுப்பில் கொண்டுபோகப்பட்ட அரங்கனின் திருமேனிமேல் மையல் கொண்டாள். திருமேனி மீண்டபோது பின்னாலேயே புறப்பட்டு வந்தாள் என்கிறது ஸ்ரீரங்கத்துக் கதை. அவள் நினைவாகப் பெருமாளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்விக்கிறார்கள்.

ஸ்ரீரங்கத்துக்கு டில்லிப் படை முதலில் வந்தது 1311இல், மாலிக் கபூரின் தலைமையில். அனுப்பியவர் அலாவுதீன் கில்ஜி. அவர் நாணயங்களில் ஒரு பட்டம் பொறித்திருக்கும்: ‘சிக்கந்தர் சானி’, அதாவது இரண்டாம் அலெக்ஸாண்டர்.

மாசிடோனியாவின் அலெக்ஸாண்டர் இறந்து ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் கழித்தும் டில்லி சுல்தானை ஆட்டிவைத்தது வரலாறு அல்ல, கதைதான். அரபியும் பாரசீகமும் அந்த வீரனை வேறு ஆளாகவே வளர்த்திருந்தன. குர்ஆனின் 18ஆம் அத்தியாயமான கஹ்ஃபு சூராவில் வரும் துல்கர்னைன், இரும்புப் பாளங்களை அடுக்கி உருக்கிய செம்பை ஊற்றி, யாஜூஜ் மாஜூஜ் கூட்டத்தைத் தடுக்கச் சுவர் எழுப்புகிறார். அவரே இஸ்கந்தர் என்று விரிவுரையாளர்கள் பலர் கொண்டனர். திருச்சியில் வெள்ளிக்கிழமைகளில் அந்த சூராவை ஓதுவோர் இன்றும் அவரைச் சந்திக்கிறார்கள். பாரசீகக் கவிஞர் நிஜாமி இஸ்கந்தரை ஞானியாக்கினார். இருள் நாட்டில் ஜீவ ஊற்றைத் தேடவும் அனுப்பினார். ஊற்று நீரைப் பருகியவர் கிழ்ரு நபி. உலகை வென்ற இஸ்கந்தருக்கோ ஒரு வாய் நீர்கூடக் கிடைக்கவில்லை.

நிஜாமிக்கு எதிர்ப்பாட்டாக டில்லியில் அமீர் குஸ்ரோ 1299இல் ‘ஆயினா-இ-சிக்கந்தரி’யை எழுதினார். சிக்கந்தரின் கண்ணாடி என்பது பொருள். அதே கில்ஜி காலத்தில், வரலாற்றாசிரியர் பரனி சொல்வதுபடி, சிக்கந்தரைப் போல உலகை வெல்லக் கிளம்ப வேண்டும் என்று சுல்தான் ஆசைப்பட்டார். டில்லி கொத்தவால் அலாவுல் முல்க் அதைத் தடுத்தார்: உமக்கு அரிஸ்டாட்டில் போல ஓர் அமைச்சர் இல்லை, முதலில் ஹிந்துஸ்தானை வென்று முடிக்க வேண்டும் என்றார். அந்த ஆசை திசை மாறித் தெற்கே இறங்கியபோது அதன் வழியில் காவிரி இருந்தது.

சிக்கந்தர் காவியம் பாடிய குஸ்ரோவே இந்தப் படையெடுப்பையும் எழுதினார். அவர் சொல்லும் ‘கந்தூர்’, சமயபுரத்தை ஒட்டி ஹொய்சளர் தலைநகராக இருந்த கண்ணனூர்தான் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். டில்லிக்குப் போன யானைகள் குஸ்ரோ கணக்கில் 512. பின்னால் எழுதிய பரனியிடம் அவை 612 ஆகிவிட்டன. குதிரைகளோ 5,000இலிருந்து 20,000. வெற்றி வீரனைச் சுற்றிக் கதை எப்படிப் பருக்கிறது என்பதை இந்த எண்களிலேயே பார்க்கலாம்.

தோற்றவர்களும் கதை சொன்னார்கள். பாரசீகர்களின் பழைய ஜரதுஷ்டிர மரபில் இஸ்கந்தர் சபிக்கப்பட்டவன்; பெர்சிபோலிஸை எரித்தவன். ஆனால் 1010இல் முடிந்த பிர்தௌசியின் ஷாநாமாவில் அவன் பாரசீக அரசர் தாராபுக்கும் ரோம் இளவரசிக்கும் பிறந்தவன். தான் தோற்கடித்த பாரசீக மன்னர் தாராவுக்கே அண்ணன். நாட்டைப் பறித்தவனைக் கதை வீட்டுப் பிள்ளையாக்கிவிட்டது. ஸ்ரீரங்கம் செய்ததும் இதற்கு நெருங்கிய காரியம்தான். கொள்ளையிட்ட அரசரின் மகளை அது தன் நாச்சியாராக வரித்துக்கொண்டது. இரண்டில் ஸ்ரீரங்கத்துக் கதை இன்னும் துணிச்சலானது. பாரசீகம் உறவு கொண்டாடியது மாவீரனோடு. ஸ்ரீரங்கமோ வாள் ஏந்தாத ஒரு பெண்ணோடு.

ஸ்ரீரங்கத்துக்கு அந்தக் காலம் கதைக்கு இதமான காலமும் அல்ல. 1323இல் மீண்டும் படை வந்தபோது முதியவரான வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர், அரங்கனின் உற்சவத் திருமேனியான நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே காட்டு வழியாகப் போனார். மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் உயிர் நீத்தார். பல ஊர் அலைந்த நம்பெருமாளை 1371இல் விஜயநகரத்தின் கோபணர் அழைத்து வந்ததைக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. அதன்பின் சில ஆண்டுகளில் மறைந்த மதுரை சுல்தானகத்தின் கடைசி அரசர் பெயரும் சிக்கந்தர் ஷா.

அத்தனைக்கும் பிறகு கோயில் மீண்டது, வழிபாடு மீண்டது, திருவிழாக்கள் மீண்டன. சுரதானியை யாரும் வெளியே அனுப்பவில்லை.