விதை கொடுத்தாப் போதுமா? லினக்ஸ் தம்பிகளோட ஒரு சம்சாரியின் சண்டை

வழக்கமா இங்கே முருங்கை விலை, கிணத்துத் தண்ணி, ஆட்டுக்கு வந்த சீக்குன்னுதான் எழுதுவேன். இன்னைக்குக் கம்ப்யூட்டரைப் பத்தி எழுதப் போறேன். சம்சாரிக்கு எதுக்குய்யா இந்தப் பேச்சுன்னு கேக்காதீங்க. பட்டா, சிட்டா, அ-பதிவேடு எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள போய் உக்காந்து வருஷக்கணக்காச்சு. நம்ம நிலத்தோட கணக்கு இருக்கிற பெட்டியைப் பத்தி நாம பேசாம வேற யார் பேசுறது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கு ஒரு வருஷம் நீட்டிப்பு கொடுத்தாங்க, அவ்வளவுதான். விண்டோஸ் 11 போடலாம்னு பார்த்தா, டி.பி.எம். 2.0 வேணும், புதுத் தலைமுறை பிராசஸர் வேணும்கிறான். 2016, 2017-ல் வாங்கின பெட்டிகள் பெரும்பாலும் அதுல தேறாது. பெட்டி என்னமோ நல்லாத்தான் ஓடுது. வேளைக்கு மூணு லிட்டர் கறக்கிற மாட்டை, காதுல புது வில்லை இல்லைன்னு அடிமாட்டுக்கு ஓட்டுற கதை இது.

இதுக்கு மருந்து லினக்ஸ்னு தம்பிமார் சொல்றாங்க. கொள்கையில அவங்களோட எனக்கு ஒரு சண்டையும் இல்லை. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது, உலகம் பூரா ஆளுக்கொரு கை போட்டு வளர்த்தது. மூலநிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். நமக்கு இது புதுசு இல்லை. அறுத்த நெல்லில் விதைக்கு எடுத்து வைக்கவும், அண்டை அயலுக்குக் கொடுக்கவும் சம்சாரிக்கு உள்ள உரிமையை 2001-ல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டமே ஒப்புக்கொள்ளுது. விதையில நாம கேக்கிற உரிமையைத்தான் லினக்ஸ்காரங்க நிரலில் கேக்கிறாங்க. அதுவும் நம்ம திண்டுக்கல், பூட்டு செய்யிற ஊர். வீடு நம்முடையது, சாவி மட்டும் இன்னொருத்தன் கையில என்றால் இந்த ஊர்க்காரன் ஒத்துக்குவானா?

ஆனா நெல் ஜெயராமன் விதை பரப்பின விதத்தை யோசிச்சுப் பாருங்க. 2 கிலோ பாரம்பரிய நெல் கொடுப்பார், அடுத்த வருஷம் 4 கிலோவாத் திருப்பி வாங்குவார். விதையை மட்டும் கையில கொடுத்து "போய்ப் பொழைச்சுக்கோ"ன்னு அனுப்பல. திருவாரூர்ப் பக்கம் ஆதிரெங்கத்துல 2006-லிருந்து நெல் திருவிழா நடத்தி, சம்சாரிகளைக் கூட்டி வச்சுச் சாகுபடி முறையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். அதனாலதான் அந்த ரகங்கள் பரவுச்சு. லினக்ஸ் தம்பிமார் விதையைக் கொடுத்துட்டு, "முளைக்கலைன்னா அது உங்க மண்ணோட கோளாறு"ங்கிறாங்க. என் சண்டை அங்கதான்.

"ஜனங்க சோம்பேறி, புதுசாக் கத்துக்க மாட்டேங்கிறாங்க" என்று ஒரு பேச்சு இருக்கு. சுத்தப் பொய். எங்க தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தா, வாட்ஸ்அப்பில் குரலைப் பதிஞ்சு திருப்பூரில் இருக்கிற பேரனுக்கு அனுப்புது. அந்த ஃபோன் ஆண்ட்ராய்டு. ஆண்ட்ராய்டுக்கு அடியில ஓடுற கெர்னல் லினக்ஸ். ஆக, ஊர்ல பாதிப் பேர் லினக்ஸ் கருவியைத்தான் கையில வச்சிருக்கோம். வித்தியாசம் என்ன? அது ஃபோனோடயே வந்துச்சு. தமிழ் அதுல தொட்டதும் தெரியுது. கெட்டுப்போனா பஸ் ஸ்டாண்டு பக்கம் பத்துக் கடை இருக்கு. இந்த மூணும் மேசைக் கணினிக்கும் இருந்திருந்தா இங்க யாருக்கும் பிரசங்கம் தேவைப்பட்டிருக்காது.

இன்னொரு பேச்சு: "லினக்ஸ் இலவசம்". தம்பி, எங்க பக்கம் காசு கொடுத்து விண்டோஸ் வாங்கினவரை நான் பார்த்ததே கம்மி. கடைக்காரர் போட்டுவிடும் திருட்டுப் பதிப்புக்கு அவர் கூலி மட்டும்தான். இலவசத்தோட இலவசம் போட்டி போட்டா, பழகின இலவசம்தான் ஜெயிக்கும். அதனால விலையைச் சொல்லி இதை விக்க முடியாது, வேலை சுலபம்னு காட்டித்தான் விக்க முடியும்.

எங்க சுலபமா இல்லைன்னு கேட்டா, சொல்றேன்.

முதல்ல தமிழ். தமிழ்99 விசைப்பலகையை 1999-லேயே அரசு தரப்படுத்தியாச்சு. இன்னைக்கும் பல லினக்ஸ் வகைகளில் அதைக் கொண்டுவர ஒரு பொதியைத் தேடி நிறுவி, அமைப்புக்குள்ள போய்ச் சேர்த்து, ஒரு தடவை வெளியேறித் திரும்பி வரணும். மனு தட்டச்சு செய்ய வந்தவர் அதுக்குள்ள எழுந்து போயிருவார். நிறுவும்போதே "தமிழா?"ன்னு கேட்டு, ஆமான்னதும் விசைப்பலகை தயாரா நிக்கணும்.

ரெண்டாவது பழைய கோப்புகள். 2010-ல் யூனிகோடைத் தமிழக அரசு ஏத்துக்கிட்டாலும், அதுக்கு முந்தி பாமினியிலும் வானவில்லிலும் அடிச்ச பத்திரமும் தீர்மானமும் மலைமலையாக் கிடக்கு. லினக்ஸில் திறந்தா கோழி கிளறின மாதிரி ஆங்கில எழுத்தா வருது. மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இருக்கு. அதைத் தனியாத் தேட விடாம, கூடவே வச்சு அனுப்பினா என்ன?

மூணாவது ரகக் குழப்பம். உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன், ஓபன்சூசே. ஒரு மென்பொருளைப் போட டெப், ஸ்னாப், ஃபிளாட்பாக், ஆப்இமேஜ்னு நாலு வழி. எத்தனை ரகம் இருக்கோ அத்தனை ருசி, நானும் மறுக்கல. ஆனா முதல் தடவை தோட்டம் போடுறவனுக்கு நாப்பது ரகக் கத்திரியை முன்னால கொட்டினா, அவன் போய்க் கடையில கத்திரிக்கா வாங்கிக்குவான். ஒண்ணைச் சொல்லுங்க, அதுக்குக் கடைசிவரை துணை நில்லுங்க.

நாலாவது கருவிகள். பக்கத்து ஊர்ச் சேவை மையத்துல லினக்ஸ் போடலாமேன்னு கேட்டேன். "அண்ணே, ரேகை வைக்கிற மிசினும் பிரிண்டரும் எடுக்காம நின்னுச்சுன்னா, வரிசையில நிக்கிறவுங்க என்னையத்தானே வைவாய்ங்க?" என்றார் அங்கிருந்த தம்பி. அவருக்கு என்ன பதில் சொல்றது?

இதுக்கு லினக்ஸ்காரங்களை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். அரசாங்கத்துக்கும் பங்கு இருக்கு. 2007 வாக்கில் உமாசங்கர் எல்காட்டில் இருந்தபோது அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். அதே காலத்துல சென்னை சி-டாக்கில் டெபியனை அடிப்படையா வச்சு 'பாஸ்' உருவாச்சு. 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோட பாஸையும் சேர்த்துக் கொடுத்தாங்க. எங்க ஊர்ப் பிள்ளைங்க பலரும் முதல் வாரமே பாஸை அழிச்சுட்டாங்க. அது என்னன்னு வகுப்புல ஒருத்தரும் சொல்லிக்கொடுக்காதப்ப, பிள்ளைங்களைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்?

மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவைப் பாருங்க. 2001-ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் படிப்படியாப் பள்ளிக்கூடங்களை லினக்ஸுக்குக் கொண்டுவந்துச்சு. முதல்ல வாத்தியார்களுக்குப் பயிற்சி, அப்புறம் பாடப்புத்தகம், அப்புறம் தேர்வு, எல்லாம் அதிலேயே. மலையாளத்தோட, பள்ளிக்கு வேண்டிய மென்பொருளையெல்லாம் சேர்த்து, ஒரே ரகமாத் தயாரிச்சுக் கொடுத்தாங்க. 2019-ல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் அது ஓடுது, 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அவங்களே கணக்குச் சொன்னாங்க. அந்தக் கணக்கை யாரும் ஆராயட்டும். எனக்குப் பட்ட பாடம் வேற. அங்க ஜனங்க லினக்ஸைத் தேடிப் போகல, அதுதான் அவங்க இருந்த இடத்துக்கு வந்துச்சு.

தமிழ்ல ஆளே இல்லைன்னு சொல்லவும் முடியாது. கணியம் இதழ்க்காரங்க 2012-லிருந்து எளிய தமிழ்ல இதையெல்லாம் எழுதிக்கிட்டிருக்காங்க. லிப்ரே ஆஃபிஸுக்குத் தமிழ் முகப்பு இருக்கு. உழைப்பு நிறைய நடந்திருக்கு. அந்த உழைப்பு வேடசந்தூர்லயும் நத்தத்துலயும் இருக்கிற கடை மேசை வரைக்கும் வந்து சேரல, அதுதான் குறை.

அதனால தம்பிமாரே, அடுத்த கூட்டத்தைச் சென்னையில ஏ.சி. அறையில போடாதீங்க. திண்டுக்கல்லுக்கு வாங்க. கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடைக்காரங்க இருபது பேரைக் கூட்டி, ரெண்டு நாள் உக்காந்து, பிரிண்டரையும் தமிழையும் ஓட வச்சுக் காட்டுங்க. கடைக்காரர் கத்துக்கிட்டார்னா ஊரே கத்துக்கிட்ட மாதிரி. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு பண்ண எங்களால முடியும்.

அரசாங்கத்துக்கு ஒண்ணே ஒண்ணு. இனிமேல் ரேகைக் கருவியோ, பிரிண்டரோ, இணையதளமோ எதை வாங்கினாலும், "லினக்ஸிலும் ஓட வேண்டும்" என்று டெண்டரில் ஒரு வரி சேருங்க. அதுக்குப் புதுச் சட்டம் வேண்டாம், தனி நிதி ஒதுக்கீடு வேண்டாம். அந்த ஒரு வரி இருந்தா, பழைய பெட்டிக்கு இன்னும் அஞ்சு வருஷம் ஆயுசு கூடும்.

வர்ற வாரம் முருங்கைக்கு வந்த கம்பளிப்பூச்சியைப் பத்திப் பேசுவோம்.