மறுபடி பாடுவது குற்றமல்ல

ராஜபாளையத்துக்குத் தெற்கே, சேத்தூரை அடுத்த தேவதானம், தென்பாண்டி நாட்டின் பஞ்சபூதத் தலங்களில் ஆகாயத்துக்கு உரியது. ஆகாயத்தின் குணம் ஒலி என்பது நம் முன்னோர் கணக்கு. இந்த வட்டாரத்தில் பொழுது விடியும்போது கோயில் ஒலிபெருக்கியிலும் டீக்கடையிலும் கேட்கும் குரல்களில் முக்கியமானவை சூலமங்கலம் ஜெயலட்சுமி, ராஜலட்சுமி சகோதரிகளுடையவை. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நோக்கி நடப்பவர்களோடு போகும் வண்டியிலும் இந்தச் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசம்தான்.

கவசம் அவர்கள் எழுதியதல்ல. தேவராய சுவாமிகள் பாடி வைத்தது. வீடுகளில் புத்தகத்தைப் பார்த்துப் பாராயணம் செய்து வந்தது. பழைய பாட்டை ராகமாலிகையாக ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடினார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரிய வேலை! கச்சேரி மேடையில் தேர்ந்த இருவரும் பிருகாக்களை அடக்கிக்கொண்டு, சொல் தெளிய, ஒரே சீராகப் பாடினார்கள். கேட்பவர் கூடவே பாடட்டும் என்று இடம் விட்ட பாட்டு அது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கூட முழுக் கவசத்தையும் மனப்பாடமாகச் சொன்னது இதனால்தான். பின்னால் பாடிய பலரும் அதே மெட்டிலேயே பாடினார்கள். ஆகவே, பிறர் பாட்டைப் பாடுவது இரண்டாம் தரக் கலை என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். நம் கச்சேரி மரபே பிறர் பாட்டில்தானே நிற்கிறது?

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. திருப்பரங்குன்றத்து முருகனைப் பற்றி பூவை செங்குட்டுவன் எழுதி, குன்னக்குடி வைத்தியநாதன் மெட்டமைத்த பாட்டு ஒன்றை இந்தச் சகோதரிகள் முதலில் தனிப்பாடலாகப் பாடினார்கள். 1967இல் 'கந்தன் கருணை' படத்துக்காக ராஜலட்சுமியும் பி.சுசீலாவும் அதையே மறுபடி பாடினார்கள். படத்துக்கு இசை கே.வி.மகாதேவன். இன்று அது சினிமாப் பாட்டு என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். மெட்டு குன்னக்குடியுடையது என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 31சி பிரிவு, இப்படி ஒருவர் பாடியதை வேறொருவர் பாடிப் பதிவு செய்யும் மறுபதிவுக்கு வழி சொல்கிறது. முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்தாண்டு கழிய வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான உரிமைத்தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும். எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் பணம் சேர இது நல்ல ஏற்பாடு. ஆனால் அதே பிரிவு, முன்பு பாடியவரின் பெயர் புதிய பதிவின் உறையில் வரக் கூடாது என்கிறது. வாங்குபவர் ஏமாறாமல் இருக்கத்தான் இந்த விதி; நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. விளைவு என்னவோ, பாட்டின் வம்சாவளி அறுந்துபோகிறது. 'இது மறுபதிவு, முதலில் பாடியவர் இன்னார்' என்று நேர்மையாக எழுதினால் யார் ஏமாறப் போகிறார்கள்?

ராஜலட்சுமி 1992இலும் ஜெயலட்சுமி 2017இலும் மறைந்துவிட்டார்கள். இனி பக்திப் பாடல்களை மறுபதிவு செய்யும் இளம் இணைகள் எழுதியவர், மெட்டமைத்தவர் பெயர்களைத் தவறாமல் போட வேண்டும். முதலில் பாடியவரின் பெயரையும் நன்றியோடு குறிப்பிட, 31சி பிரிவை மத்திய அரசு திருத்த வேண்டும்.