பண்பேற்றம் சத்து டானிக் அல்ல!

"குரல் அலைக்கு ஆற்றல் குறைவு. உயர் அதிர்வெண் ஊர்தி அலையில் ஏற்றினால் ஆற்றல் கூடித் தொலைதூரம் போகும்." பண்பேற்றம் எதற்கு என்று கேட்டால் பலர் ஒப்பிக்கும் விடை இது. மதிப்பெண்ணும் விழுகிறது. ஆனால் தவறு!

அதிர்வெண் கூடினால்தான் தூரம் போகும் என்றால், நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப நம் கடற்படை திருநெல்வேலி விஜயநாராயணத்தில் வெறும் 18.2 கிலோஹெர்ட்சை ஏன் பயன்படுத்துகிறது? தாழ்ந்த அதிர்வெண் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும், கடல்நீருக்குள்ளும் இறங்கும். ஆனால் அதற்கு அரை கிலோமீட்டரை நெருங்கும் கோபுரங்கள் தேவைப்பட்டன.

சிக்கல் அங்கேதான். ஆண்டெனா நன்றாக அலைவீச, அலைநீளத்தில் கால் பங்கு நீளம் வேண்டும். 3 கிலோஹெர்ட்ஸ் குரல் சைகையை அப்படியே வானில் அனுப்பினால் அலைநீளம் 100 கிலோமீட்டர், ஆண்டெனா 25 கிலோமீட்டர்! எவரெஸ்டே 9 கிலோமீட்டரைத் தொடவில்லை ஐயா. 1 மெகாஹெர்ட்சில் ஏற்றினால் 75 மீட்டர் போதும்.

அடுத்து, எல்லோர் குரலும் ஏறத்தாழ ஒரே அதிர்வெண் பட்டைதான். அப்படியே அனுப்பினால் சந்தைக்கடை இரைச்சல். ஆளுக்கொரு ஊர்தி அலை கொடுத்தால்தான் நிலையங்களைப் பிரித்துக் கேட்கலாம்.

ஆற்றல் கூட்டுவது பெருக்கியின் வேலை. அடுத்த முறை யாராவது 'ஆற்றல்' என்று ஆரம்பித்தால், அந்த 25 கிலோமீட்டர் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரண்டே வரி. பிறகு மனப்பாடம் தேவைப்படாது.