பூந்தொட்டியா மறுசுழற்சி?



மறுசுழற்சி குறித்துக் கட்டுரை எழுதச் சொன்னால், பழைய டயருக்கு வண்ணம் தீட்டிப் பூந்தொட்டியாக்கலாம் என நம் மாணவர்கள் எழுதுகிறார்கள். நாமும் "நன்று" எனக் குறித்து மதிப்பெண் வழங்குகிறோம். அது வழங்கத் தகாத மதிப்பெண் என்பேன். பூந்தொட்டி மறுபயன்பாடு, மறுசுழற்சி அன்று. சொல் பிழைத்தால் பொருளும் பிழைக்கும்.

சிராங்கூன் சாலையில் ஓடும் பேருந்தின் டயரைப் பிள்ளைகள் வெறும் ரப்பர் என்றே அறிவர். உண்மையில் கனரக வண்டி டயரின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எஃகு. விளிம்பில் தடித்த கம்பி வளையம்; தரையில் உருளும் பரப்பின் அடியில் பித்தளை முலாமிட்ட மெல்லிய கம்பிகள். விளிம்புக் கம்பியை எந்திரத்தால் உருவி, எஞ்சியதைத் துண்டுதுண்டாக அரிந்து, காந்தத்தால் எஃகைப் பிரிக்கிறார்கள். ஒட்டியிருக்கும் ரப்பரையும் நீக்கியாக வேண்டும். அதிலுள்ள கந்தகம் உருகும் எஃகின் தரத்தைக் கெடுத்துவிடும். அதன்பின் உலைக்குச் சென்று மீண்டும் எஃகாவதே மறுசுழற்சி.

"எரித்தால் கம்பி தானே கிடைக்குமே" என்பாரும் உளர். கிடைக்கும், நச்சுப் புகையும் சேர்ந்தே கிடைக்கும். 2018ஆம் ஆண்டுப் போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானச் சேவையே தடைபட்டது. டயர் எரிக்காதீர் என அங்கே ஆண்டுதோறும் வேண்டுகோள் விடுக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் வாடாவில், டயர்களைச் சூடேற்றி எண்ணெயும் கம்பியும் பிரிக்கும் ஆலையொன்று 2025 சனவரியில் வெடித்து, இரு பெண்களும் இரு குழந்தைகளும் மாண்டனர். முறையற்ற 'மறுசுழற்சி'க்கு ஏழைகளே விலை கொடுக்கிறார்கள்.

"சிறு பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கலாம். இரும்புத் தாது இல்லாத தீவு நம்முடையது. 1960களில் ஜூரோங்கில் எழுந்த தேசிய இரும்பு எஃகு ஆலை, உடைத்த கப்பல்களின் இரும்பை உருக்கியே வளர்ந்தது. பழைய இரும்பே நமக்குச் சுரங்கம். இதை அறியாத பிள்ளைக்கு மறுசுழற்சி வெறும் கைவேலையாகவே தோன்றும்.

பூந்தொட்டி செய்யட்டும், தண்ணீர் தேங்கிக் கொசு பெருகாமல் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் அந்தக் கட்டுரையைத் திருத்தும்போது ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள்: "தொட்டி உடைந்தபின் உள்ளிருக்கும் எஃகு எங்கே போகும்? அதை யார் பிரிப்பார்?" விடை தேடி எழுதும் மாணவருக்கே முழு மதிப்பெண்.