போதும் என்றால் போதும்தான்

கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்கூட.

போன மாதம் ஒரு காதுகுத்து விசேஷம். பந்தியில் ஜாங்கிரி வந்தது. வேண்டாம் என்று இலையைக் கையால் மறைத்தேன். "ஒண்ணே ஒண்ணு அண்ணி, நம்ம வீட்டு விசேஷம்" என்று வாயிலேயே ஊட்டிவிட்டார்கள். அரை மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிடுங்கும் வலி. மணமகள் அறையில் பாய் விரித்துப் படுத்துக் கிடந்தேன். வெளியே ஒரு குரல்: "லட்சக்கணக்குல கொட்டி ஆபரேஷன் பண்ணியும் இப்படியா?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில்.

எனக்கு நடந்தது கேஸ்ட்ரிக் பைபாஸ். பைபாஸ் என்றதும் பாதிப் பேர் இதயம் என்று நினைத்துவிட்டீர்கள். இல்லை. இரைப்பையின் மேல்பக்கம் முட்டை அளவு மட்டும் தனியாகப் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைப்பார்கள். இனிப்பு சாப்பிட்டால் அது தங்காமல் வேகமாகக் குடலுக்குப் போய், உடம்பின் நீரை அங்கே இழுக்கும். படபடப்பும் வியர்வையும் அதனால்தான். இது நடிப்பும் இல்லை, பிகுவும் இல்லை.

ஆபரேஷன் மந்திரம் அல்ல. தினமும் 60 கிராமுக்குக் குறையாமல் புரதம். பருப்பு, முட்டை, தயிர் முதலில், சோறு கடைசியில். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி கழித்துத்தான். ஆயுசுக்கும் வைட்டமின் மாத்திரை. மென்று மென்று சாப்பிட நேரம் ஆகும். அதற்குள் பக்கத்து இலைகளை எடுத்துவிட்டு, அடுத்த பந்திக்கு ஆள் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார்கள்!

விருந்தோம்பல் நம் பண்பாடு என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அதிகாரம் எழுதிய அதே வள்ளுவர்தான் 95-ஆவதாக 'மருந்து' என்றும் ஒரு அதிகாரம் எழுதினார். அதில் பெரும்பகுதி மாத்திரையைப் பற்றி அல்ல, அளவாகச் சாப்பிடுவதைப் பற்றி. விருந்தாளியின் முகம் பார்த்துப் பரிமாறுவதுதான் உபசாரம். மறைத்த கையை விலக்கிப் பரிமாறுவது வன்முறை.

குற்றவாளிக் கூண்டில் நானும் நிற்கிறேன். சத்துணவு வரிசையில் ஸ்கேலோடு நின்று "ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது" என்று மிரட்டியது யார்? உங்கள் டீச்சர்தான். வயிறு நிறைந்த பிள்ளை கண்ணில் நீரோடு விழுங்கியதைப் பார்த்தும் விட்டதில்லை. பசித்த காலத்தில் வளர்ந்தவள், மிச்சம் பாவம் என்றே நினைத்தேன். மிச்சம் வராமல் இருக்க வழி, குறைவாகப் போடுவது. திணிப்பது அல்ல. அது புரிய எனக்கு ஒரு ஆபரேஷன் தேவைப்பட்டது. அந்தப் பிள்ளைகள் என்னை மன்னிக்கட்டும்.

அந்தக் காதுகுத்துக்குப் பிறகு இரண்டு விசேஷங்களுக்கு நான் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன். உங்களைப் பார்க்க ஆசைதான், பந்தியை நினைத்தால் பயம். என்னைப் போலவே சர்க்கரை உள்ளவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் எத்தனை பேர் இப்படி ஒதுங்கியிருக்கிறார்களோ!

கேட்பது மூன்றே. கேட்டுப் பரிமாறுங்கள். "இளைச்சுட்டே, முகமே வத்திப்போச்சு" என்று எல்லார் முன்னாலும் சொல்லாதீர்கள். இலையில் என்ன இருக்கிறது என்று எண்ணாதீர்கள்.

தை மாதக் கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவேன். ஒரு கிண்ணம் சுண்டலும் கொஞ்சம் தயிரும் போதும். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். அதை எவ்வளவு வேண்டுமானாலும் பரிமாறலாம், வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

உங்கள் அறிவியல் டீச்சர்