சாக்ஸ் நீளத்தை யார் தீர்மானிப்பது?

ஷூ வாங்கப் போகிறவர் கடையில் அரைமணி நேரம் நின்று, போட்டுப் பார்த்து, நடந்து பார்த்துதான் வாங்குவார். சாக்ஸ்? பில் போடும் இடத்தில் தொங்குகிற ஏதோ ஒரு ஜோடி! பல சமயம் காலைக் கடிப்பது ஷூ அல்ல, அதற்குப் பொருந்தாத சாக்ஸ்தான்.

கணக்கு ரொம்ப எளிது. ஷூவின் விளிம்பு காலில் எங்கே உரசுகிறதோ, அதற்கு ஒன்றிரண்டு விரற்கடை மேலே சாக்ஸ் ஏற வேண்டும். லோஃபருக்கு வெளியே தெரியாத குட்டி சாக்ஸ் போதும். ஓடுகிறவருக்குக் குதிகாலின் பின்பக்கம் மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் கொப்புளம். பூட்ஸுக்கு அதன் உயரத்தைத் தாண்ட வேண்டும். ஆபீஸ் லெதர் ஷூவுக்குக் கெண்டைக்கால் பாதிவரை இருந்தால், உட்காரும்போது பேண்ட் மேலேறினாலும் கால் தெரியாது.

சில இடங்களில் வேலையே நீளத்தைச் சொல்லிவிடும். கால்பந்து விதிகளில் 4-வது விதிப்படி ஷின் கார்டு கட்டாயம், அதை சாக்ஸ் மூடியிருக்க வேண்டும். ஆகவே முழங்கால் நீளம். சைக்கிள் பந்தயத்தில் நேர் எதிர்: கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே பாதி உயரத்தைத் தாண்டக் கூடாது. நீள சாக்ஸ் காற்றின் எதிர்ப்பைக் குறைத்து லாபம் தந்துவிடும் என்பதால் இந்தத் தடை. மழைக்காலத்தில் வால்பாறைக் காட்டுக்குள் நடப்பவர் முழங்கால்வரை நெருக்கமாக நெய்த துணி சாக்ஸைக் கட்டிக்கொள்வது அட்டைக்குப் பயந்து. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

காரணமே இல்லாமல் நீளமாக இருப்பது பள்ளிக்கூட சாக்ஸ்தான். சித்திரை வெயிலிலும் பல பள்ளிகளில் முழங்கால்வரை நைலான். வியர்வை உள்ளேயே தங்கும், நாற்றம் வரும், விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். எலாஸ்டிக் தளர்ந்தால் சாக்ஸ் இறங்கும். இறங்கினால் திட்டு விழும். அதற்குப் பயந்து பிள்ளைகள் ரப்பர் பேண்டு மாட்டிக்கொள்கிறார்கள். மாலையில் கழற்றும்போது காலைச் சுற்றிச் சிவந்த பள்ளம்! சீருடை அழகுக்காக ஒரு குழந்தையின் கால் இறுகத்தான் வேண்டுமா? கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும் பருத்தி சாக்ஸை அனுமதித்தால் ஒழுக்கம் ஒன்றும் கெட்டுவிடாது.

வீட்டில் சர்க்கரை நோயாளிகள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கால் மரத்துப் போனவருக்கு இறுக்கமும் தெரியாது, புண்ணும் தெரியாது. சாக்ஸைக் கழற்றியதும் ஆழமாகத் தடம் தெரிந்தால் அந்த ஜோடி அவருக்கு வேண்டாம்.

நீளத்தைத் தீர்மானிக்க வேண்டியது ஃபேஷனோ பிரேயர் மைதானமோ அல்ல. அதைப் போட்டுக்கொண்டு நடக்கிற கால்தான்.